தங்கள் புகார் கிடைத்தது

தூளிச் சேலையில் ஒரு கயிற்றை முடிந்து அதன் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தாள் செலின். கால் அசைந்தால் தூளி அசையும், தூளி அசைந்தால் பிள்ளை தூங்குவான், பிள்ளை தூங்கினால்தான் ஆபீஸ் வேலை. மத்தியானச் சோற்று நேரம் முடிந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. பொன்மலையே வெயிலில் கண்ணை மூடிக் கிடந்தது. மாமியார் தெருப் பெண்களின் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார், கணவன் ஜோவினும் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் ஃபேன் சத்தமும் பிள்ளையின் மூச்சும் மட்டும். மூச்சு வருகிறதா என்று ஃபேன் சத்தத்தை விலக்கிவிட்டுக் காது கொடுப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்டதும் ஒரு நிம்மதி, அந்த நிம்மதி தீர்வதற்குள் அடுத்த பயம். இன்றைக்கு முடிக்க வேண்டியதைக் காலையிலேயே முடித்தாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில். திருச்சி, தஞ்சாவூர், கரூர் பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுபோனால், கதவு மூடாவிட்டால், மூடிய கதவு திறக்காவிட்டால், குடியிருப்பவர்கள் கம்பெனிக்கு மெயில் போடுவார்கள். அந்த மெயில் பெட்டியை ஒரு மென்பொருள் எட்டிப் பார்த்தபடியே இருக்கும். படிக்காத மெயில் எது கிடந்தாலும் எடுத்து, எண் போட்டு, டிக்கெட் என்கிற புகார்ச் சீட்டாக்கி, வரிசைப்படி ஒரு டெக்னீஷியன் தலையில் கட்டிவிட்டு, அனுப்பியவருக்குத் தானே ஒரு பதிலும் போட்டுவிடும். இத்தனை காலமும் பெட்டியின் பாஸ்வேர்டை அந்த மென்பொருளிடமே கொடுத்து வைத்திருந்தார்கள். இனி அது செல்லாது, இன்று சாயங்காலத்தோடு பாஸ்வேர்டு வழியை அடைக்கிறோம், பெட்டிக்குச் சொந்தக்காரர் அனுமதி கொடுத்த மென்பொருளை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்று மெயில் கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பக்கிரிசாமி சாருக்கு இது தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "பாஸ்வேர்டு இல்லாம எப்படிம்மா உள்ள போகும், கூரைய பிச்சிக்கிட்டா?" என்று கேட்டார். "வேலைக்கு வர்றவங்க கையில வீட்டுச் சாவிய குடுக்கறதுக்குப் பதிலா, நாமளே வாசல்ல நின்னு, இவங்கள எனக்குத் தெரியும், இந்த ரூமுக்கு மட்டும் விடுங்கன்னு சொல்ற மாதிரி சார். வேண்டாம்னா அந்த அனுமதிய மட்டும் எடுத்துடலாம், சாவி நம்மகிட்டயே இருக்கும்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது அழகாகப் பட்டது. காலையில், பிள்ளை மார்பில் இருக்க, இடது கை அவன் தலைக்கு அடியில் இருக்க, வலது கையால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கடைசிப் பக்கத்தில் 'அனுமதி' என்ற நீலப் பொத்தானை அழுத்தினாள். பச்சையாக ஒரு டிக் வந்தது. வாசலில் நின்று சொல்லியாயிற்று. யாருடைய வாசல் என்று அவள் பார்க்கவில்லை.

போன் அதிர்ந்தது. பிள்ளை விழித்துவிடுவானோ என்று பாய்ந்து எடுத்தாள். "ஏம்மா செலின், சேலைக்கடைக்காரனுக்கு எதுக்கும்மா லிஃப்ட்டு?" என்றார் பக்கிரிசாமி சார். அவளுக்குப் புரியவில்லை. "காலையிலருந்து ஒருத்தனும் புகார் சொல்லல. சரி, எல்லா லிஃப்ட்டும் நல்லா ஓடுது, நமக்கு நல்ல காலம் பொறந்துருச்சுன்னு டீ எல்லாம் வாங்கிக் குடுத்தேன் பசங்களுக்கு. இப்ப தெறந்து பாக்குறேன், கோடைத் தள்ளுபடின்னு ஒரு டிக்கெட்டு. குழந்தைக்கு ஊசி போடற நாள் வந்துருச்சுன்னு ஒரு டிக்கெட்டு. கேஸ் சிலிண்டர் புக் ஆயிருச்சுன்னு ஒண்ணு, அதுல உன் பேரு இருக்கு. நம்ம டெக்னீஷியன் ஷாகுல் தலையில ஒண்ணு விழுந்திருக்கு, தலைப்புல 'ஏய்'னு போட்டிருக்கு. சார், கஸ்டமர் என்னைய ஏய்ங்கிறாங்க, போன் போட்டு என்னன்னு கேக்கவாங்கிறான். கீழ அமலோற்பவ மேரின்னு பேரும் நம்பரும் இருக்கு. எந்த அபார்ட்மென்ட்டும்மா இவங்க?" அவள் கால் நின்றது. தூளி தன்பாட்டில் இரண்டு முறை ஆடி அடங்கியது. எந்த அபார்ட்மென்ட். திண்டுக்கல்லில் ஒரு தெருக்கோடி வீடு, வாசலில் குட்டையாக ஒரு கொய்யா மரம், நிறைமாதத்தில் ஏணி வைத்துப் பறிப்பேன் பார் என்று சிநேகிதி அமலி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற போட்டோ. "போட வேண்டாம்னு சொல்லுங்க சார்" என்றாள். "நான் பாத்துக்கறேன்." "அவசரக் கேஸாம்மா?" என்றார் அவர். "இல்ல சார். ஆமா. நான் பாத்துக்கறேன் சார்." "சரி சரி, பதறாத. தப்பு நடக்கும். ஆனா சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிரு, இல்லாட்டி நிஜமா லிஃப்ட்டுல மாட்டுனவன் மெயில் யாரு கண்ணுலயும் படாது. பையன் தூங்குறானா?" "தூங்குறான் சார்." தூங்குகிறானா என்று அதற்குப் பிறகுதான் எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் மாமியார் வைத்த கறுப்பு மைப் பொட்டு வியர்வையில் லேசாக இழுபட்டிருந்தது. மணிக்கட்டில் வசம்பு, கழுத்துக் கயிற்றில் மாதா சுரூபம், அதோடு சேர்த்துக் கோத்த ஒரு கருமணி. மாதாவும் வேண்டும், கருமணியும் வேண்டும். கான்வென்ட்டில் இதையெல்லாம் கேலி செய்து வளர்ந்தவள்தான் அவள். கருமணியை முடிந்தது மாமியார். அது அவிழ்ந்து விழுந்த அன்று தேடி எடுத்து மறுபடி முடிந்தது அவள்.

எங்கே தவறியது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அனுமதிப் பக்கத்துக்கு முன்னால் ஒரு பக்கம் வந்தது, எந்தக் கணக்கு என்று கேட்டு. இரண்டு வட்டங்கள். ஒன்றில் ஆபீஸ் பெட்டியின் சாம்பல் எழுத்து. இன்னொன்றில் அவளுடைய சொந்தப் படம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பது. கை பிள்ளை இருந்த வட்டத்துக்குப் போயிருக்கிறது. யோசித்துப் போகவில்லை, இப்போதெல்லாம் எங்கே போனாலும் கை அவன் இருக்கும் பக்கம்தான் போகிறது. அதனால் லிஃப்ட் மென்பொருள் காலையிலிருந்து அவளுடைய சொந்த மெயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவளே வாசலில் நின்று உள்ளே விட்ட மரியாதையோடு. படிக்காத மெயில்களை எல்லாம் எடுத்திருக்கிறது. படித்ததை அது தொடாது. அதுதான், அந்த இடத்தில்தான் அவள் மனம் முள்ளில் சேலை மாதிரி மாட்டிக்கொண்டது. அமலியின் மெயில்களை அவள் படித்திருந்தால் மென்பொருள் அவற்றைத் தொட்டே இருக்காது. ஏழு மாதமாக மூன்று மெயில். ஒவ்வொரு முறை போனைத் திறக்கும்போதும் அந்தப் பெயர் தடித்த எழுத்தில் நிற்கும், கட்டைவிரல் அதன்மேல் நிற்காமல் வழுக்கிக் கீழே போய்விடும். அழிக்கவும் மனம் வரவில்லை. திறந்தால் படித்ததாக ஆகிவிடும், படித்தால் பதில் எழுத வேண்டும், எழுதுவதற்கு அவளிடம் என்ன இருந்தது. நாளைக்கு எழுதலாம், பிள்ளைக்கு சளி குறையட்டும் எழுதலாம், முதல் ஊசி முடியட்டும், தலை நிற்கட்டும், குப்புற விழட்டும். பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, உட்காரவும் ஆரம்பித்துவிட்டான். தடித்த எழுத்து அப்படியே நின்றது.

இரண்டு பேரும் ஒரே மழைக்காலத்தில் உண்டானார்கள். அமலிதான் முதலில் போன் செய்தாள், ஒரு வாரம் கழித்து இவளும் சொன்னபோது, "என்னடி, இதுலயும் காப்பியா?" என்றாள். ஹாஸ்டலில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அமலோற்பவம் என்ற பெயரைப் பழங்காலத்துப் பெயர் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். "பழசுதான், ஆனா ஃபுல் நேம் எழுதினா பரீட்சை பேப்பர்ல ஒரு வரி மிச்சம்" என்பாள். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் சிரித்து, மறுநாள் சிஸ்டர் சொல்லி முட்டி போட்டு ஜெபமாலை சொன்னதும் இருவரும்தான். அப்படி முட்டி போட்டிருந்த ஒரு சாயங்காலம்தான் பேச்சு வந்தது. உனக்குப் பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாய், எனக்குப் பிறந்தால் நீ. கையைக் கோத்துச் சத்தியம் எல்லாம் செய்யவில்லை. அது அப்படித்தான் என்று இருவருக்கும் தெரியும், அவ்வளவு. பிறகு ஏழாம் மாதத்து ஸ்கேனில் அமலியின் பிள்ளைக்கு நாடி இல்லை என்றார்கள். அவள் கணவன் டோமினிக் போன் செய்து, "இல்லீங்க, போயிருச்சு, நாளைக்கு எடுக்கறாங்களாம்" என்று சொன்னபோது செலின் அடுப்படியில் நின்றிருந்தாள், பால் பொங்கத் தயாராக இருந்தது. அவள் கை தன் வயிற்றுக்குப் போயிற்று. உள்ளே ஒரு உதை. அந்த உதையோடு, அது முந்தியா இது முந்தியா என்று பிரிக்க முடியாதபடி, ஒரு வார்த்தை எழுந்தது. நல்லவேளை. வாயால் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அய்யோ அமலி வந்தது, கண்ணீர் வந்தது, பால் பொங்கி வழிந்தது, எல்லாம் வந்தன. ஆனால் வரிசை மாறாது. முதலில் வந்தது நல்லவேளை. நினைப்பில் செய்ததும் செய்ததுதான், செய்யாமல் விட்டதும் செய்ததுதான் என்று கான்வென்ட்டில் தூங்கப்போகுமுன் மனசைத் துழாவிப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது துழாவினால் அகப்பட்டதெல்லாம் திருட்டுப் புளியங்காய்தான். இப்போது துழாவவே வேண்டாம், கையை வைத்தாலே தட்டுப்படுகிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். "நிறை வயித்தோட அங்க போறதாவது. உனக்குப் படிப்பு இருக்கு, வயித்துல இருக்கறதுக்கு என்ன தெரியும்?" என்றார் மாமியார். அத்தை விடமாட்டேன் என்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மனதுக்குள் எவ்வளவு இலேசாக இருந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆரோன் பிறந்தான். சுகமாகப் பிறந்தான், அழுதான், அவள் எண்ணிப் பார்த்த விரல்கள் எல்லாம் இருந்தன. அதிலிருந்துதான் பயம் சரியாக ஆரம்பித்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்டுவிட்டால். நல்லவேளை என்று நினைத்ததற்குக் கணக்குத் தீர்க்க ஒரு ராத்திரி மூச்சு நின்றுவிட்டால். மாமியார் கண்ணேறு என்று பயந்தார், வயிறு எரிந்தவள் பார்வை படக்கூடாது என்றார். செலினுக்கு அமலியின் கண்ணைப் பற்றி அந்தப் பயம் இல்லை. அந்தக் கண் தன் முகத்தைப் பார்த்தால் அங்கே அந்த வார்த்தையை வாசித்துவிடும் என்ற பயம்தான். ஹாஸ்டலில் இவள் எந்த டப்பாவில் முறுக்கை ஒளித்தாள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்கிறவள் அவள். இப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் கருமணியை மறுபடி முடிந்தபோது யாருடைய கண்ணை நினைத்து முடிந்தாள் என்று கேட்டால் அந்த இடத்தில் மனம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். ஞானஸ்நானத்தன்று ஜோவினின் தங்கை ஞானத்தாயாக நின்றாள், பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, கையில் மெழுகுவர்த்தி. பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். செலின் கோயில் வாசலைப் பார்த்தாள், வந்து நின்றுவிடுவாளோ என்று. வரவில்லை. சொன்னால்தானே வருவதற்கு. அன்றைக்கும், வாசல் காலியாக இருப்பதைப் பார்த்து, அதே வார்த்தை. நல்லவேளை.

பிள்ளை முனகினான். அவள் காலை அசைத்தாள். முதலில் அனுமதியைப் பிடுங்க வேண்டும். தன் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போனாள். அங்கே, உங்கள் மெயிலைப் படிக்கவும் அனுப்பவும் இதற்கு அனுமதி உண்டு என்று லிஃப்ட் கம்பெனி மென்பொருளின் பெயர் இன்றைய தேதியோடு கிடந்தது. நீக்கவா என்று கேட்டது. அப்போதுதான் அனுப்பவும் என்ற சொல் அவளுக்கு உறைத்தது. அனுப்பவும். எடுத்த ஒவ்வொரு மெயிலுக்கும் அது பதில் போட்டிருக்குமே. போட்டிருக்கிறது. அனுப்பியவை என்ற பகுதியில் வரிசையாக நின்றன. சேலைக்கடைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, கேஸ் ஏஜென்சிக்கு ஒன்று. அமலிக்கு மூன்று. இவளுடைய பெயரில், இவளுடைய முகவரியிலிருந்து. ஏழு மாதத்தில் செலினிடமிருந்து அமலிக்குப் போன முதல் எழுத்து. வணக்கம். தங்கள் புகார் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். எங்கள் டெக்னீஷியன் விரைவில் தங்களைத் தொடர்புகொள்வார். தயவுசெய்து இதே புகாரை மீண்டும் அனுப்ப வேண்டாம். அந்தப் பதிலை எழுதியவள் அவள்தான். வேலையில் சேர்ந்த புதிதில், தமிழில் மரியாதையாக நாலு வரி எழுதித்தாம்மா, கான்வென்ட்டுப் பிள்ளை நீ, உனக்கு நாசூக்கு வரும் என்று பக்கிரிசாமி சார் கேட்டு வாங்கினார். மனப்பூர்வமாக என்ற சொல்லைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தது நினைவிருக்கிறது. சேர்த்தால் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று சேர்த்தாள். வருந்துகிறோம். அவளால் ஒரு தடவை சொல்ல முடியாததை மென்பொருள் ஒரே காலையில் அமலியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டது. மூன்று தடவையும், இதே புகாரை மீண்டும் அனுப்பாதே என்றும் சொல்லிவிட்டது. அமலி எங்கே இருந்து பார்த்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு. செலின் என்ற பெயரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாகத் திறந்திருப்பாள். திறந்து. அதற்கு மேல் அவள் முகத்தை நினைக்க முடியவில்லை. முகம் வராமல் அந்தக் கை மட்டும் வந்தது, சோற்றுப் பருக்கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுக்கிற கை. நீக்கு என்பதை அழுத்தினாள். நீக்கப்பட்டது என்று வந்தது. போன பதிலை நீக்க எதுவும் வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து செய்தாள். இரண்டு வட்டங்கள். இந்த முறை சாம்பல் எழுத்து. விரல் அதன்மேல் வைத்துச் சரிபார்த்து, எடுத்து, மறுபடி சரிபார்த்து, பாஸ்வேர்டு போட்டு, படிக்க, அனுப்ப என்று அது கேட்டதையெல்லாம் எழுத்தெழுத்தாக வாசித்து, அனுமதி கொடுத்தாள். பச்சை டிக் வந்தது. அவள் அதை நம்பவில்லை. காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் நிஜமான புகார்கள் மடமடவென்று விழ ஆரம்பித்தன. தில்லைநகரில் மூன்றாவது மாடியில் கதவு மூடவில்லை, கரூரில் விளக்கு எரியவில்லை, தஞ்சாவூரில் ஒரு பெரியவர் நாலு பக்கத்துக்குத் திட்டியிருந்தார். உலகம் பழையபடி பழுதாகி ஓட ஆரம்பித்தது. ஆபீஸ் வேலை முடிந்தது. மிச்சம் இருந்தவை தன் பெட்டியிலிருந்து வந்தவைதான், மூட வேண்டும். சேலைக்கடையை மூடினாள். ஊசியை மூடினாள், மூடுமுன் தேதியைப் பார்த்துக்கொண்டாள். கேஸ் சிலிண்டரை மூடினாள். மூன்று டிக்கெட்டுகள் நின்றன. முதலாவதன் தலைப்பு: ஏய். இரண்டாவது: ஏய், உன்னத்தான். மூன்றாவது: சரி விடு. தலைப்பின் பக்கத்தில், முக்கியத்துவம் நடுத்தரம், நிலை திறந்திருக்கிறது, பொறுப்பு ஷாகுல் ஹமீது. ஷாகுலின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். மூட வேண்டுமானால் காரணம் சொல் என்று மென்பொருள் ஒரு பட்டியலை விரித்தது. பழுது சரிசெய்யப்பட்டது. ஏற்கனவே பதிவான புகார். நமது பொறுப்பில் இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையாவது ஒன்றைத் தொட்டால் மூன்றும் பார்வையிலிருந்து போய்விடும், தடித்த எழுத்தும் இருக்காது, இனி கட்டைவிரல் வழுக்க வேண்டியதில்லை. அமலிக்கும் கடைசியாக ஒரு மெயில் போகும், தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது என்று. அதையும் எழுதியது இவள்தான். இவளுடைய நாசூக்கு. பட்டியலைச் சுருக்கிவிட்டு, முதல் டிக்கெட்டைத் திறந்தாள். லிஃப்ட்டின் மாடல் எண் கேட்கும் காலிக் கட்டத்துக்குக் கீழே, நாலு வரி. என்ன பிள்ளைடி. ஆணா பெண்ணா. உங்க வீட்டுக்காரர் போட்ட ஸ்டேட்டஸ்ல மூடின துணிதான் தெரியுது, காலு மட்டும் நீட்டிக்கிட்டு. காலு உன் காலு மாதிரியே விரல் விலகி இருக்கு, பாவம். அவ்வளவுதான். ஏழு மாதமாக அவள் பயந்துகொண்டிருந்தது இதற்கு. குத்தல் இல்லை, வசை இல்லை, ஏன் வரவில்லை என்று இல்லை. இரண்டாவதில், கவுன் ஒண்ணு வாங்கியிருந்தேன், மஞ்சள், எதுக்கும் ஆகும்னு. அனுப்பவா, வேண்டாமான்னு மட்டும் சொல்லு, தப்பா எடுத்துக்க மாட்டேன். மூன்றாவதில் எதுவுமே இல்லை. தலைப்பு மட்டும். சரி விடு. கீழே வெள்ளையாக, அதற்குக் கீழே பெயர், நம்பர். அந்த வெள்ளையை அவள் நெடுநேரம் வாசித்தாள். இரண்டாவதைத் திறந்திருந்தால் மூன்றாவது வந்திருக்காது. அந்த மஞ்சள் கவுன் இப்போது அவனுக்குப் பத்தாது.

அப்போது போனில் மெயில் வந்த சத்தம். தன் பெட்டிதான், இனி அதை எடுத்துக்கொண்டுபோக யாரும் இல்லை. அமலோற்பவ மேரி. தடித்த எழுத்து. கட்டைவிரல் பழக்க தோஷத்தில் வழுக்கப் போனது, பிடித்து நிறுத்தினாள். வணக்கம், என்று ஆரம்பித்தது. தங்கள் பதில் கிடைத்தது. டெக்னீஷியன் எப்போது வருவார் என்று தெரிந்தால் வீட்டில் இருப்பேன். செலினுக்கு சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகி மூக்கு எரிந்தது. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தாள். அன்புள்ள அமலி. அழித்தாள். ஏய். அழித்தாள். மென்பொருள்ல ஒரு சின்னத் தப்பு நடந்துருச்சு. அழித்தாள். தப்பு நடந்தது மென்பொருளில் இல்லை. எழுத எழுத அது அந்த நாலு வரிப் பதில் மாதிரியே நாசூக்காகத் திரண்டு வந்தது. அவள் கைக்கு வேறு மாதிரி வராது போலிருந்தது. பிறகு நினைத்துப் பார்க்க நேரம் கொடுக்காமல் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்காமல் போகட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது, அதை இன்னொரு மனம் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்தாள். "லிஃப்ட் கம்பெனியா?" என்றாள் அமலி. அதே குரல், கொஞ்சம் மெலிந்திருந்தது. "ம்" என்றாள் செலின். "பாதியில நின்னுருச்சுங்க" என்றது குரல். "ஏழு மாசம் ஆச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. நானும் பட்டன அமுக்கி அமுக்கிப் பாத்தேன்." "அமலி." "சொல்லுங்க மேடம்." "அமலி, நான்." நான் என்ன. நான் பயந்துட்டேன். நான் டோமினிக் போன் பண்ணப்ப முதல்ல. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து நின்றது, அதை எப்படிச் சொல்வது, சொன்னால் யாருக்கு என்ன ஆறும். அந்த நேரம் பார்த்து ஆரோன் விழித்துக்கொண்டான். காலில் இருந்த கயிறு எப்போதோ நழுவியிருந்தது. முதலில் முனகல், பிறகு வீட்டை நிறைக்கிற அழுகை. அந்தப் பக்கம் குரல் அறுந்தது. பிறகு அமலி கேட்டாள், "அவனா, அவளா?" "அவன்." "பேரு?" "ஆரோன்." "நல்லாருக்கு" என்றாள் அமலி. நிறுத்தி நிறுத்தி, "போன அவன்கிட்ட கொண்டு போறியா? ஒரு நிமிஷம். சும்மா சத்தம் கேட்டுக்கறேன்" என்றாள். தூளி இரண்டு எட்டு தூரம். செலினின் கால் எழுந்துவிட்டது, உடம்பு தூளிப் பக்கம் திரும்பிவிட்டது, போன் பிடித்த கை மட்டும் வரவில்லை. நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கருமணி, மை, கருமணி. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் இருக்கும். அதற்குள் கையைப் பிய்த்து எடுத்து நீட்டியும்விட்டாள். ஆனால் அந்த ஒரு மூச்சு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. "இருக்கட்டும்டி" என்றாள் அமலி, முறுக்கு டப்பாவைக் கண்டுபிடிக்கிற அதே மெதுவான குரலில். "பயமா இருந்தா வேணாம். எனக்குத் தெரியும்." செலின் தூளித் துணியை விலக்கி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பிள்ளையின் காதோரம், மைப் பொட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். கொஞ்ச நேரம் அழுகை மட்டும். பிறகு போனுக்குள்ளிருந்து, யாரையும் எழுப்பாமல் பக்கத்துக் கட்டிலிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, "ஏய்" என்றது குரல். பிள்ளை அழுகையை நிறுத்தினான். ஈரக் கண்ணை அகல விரித்துக்கொண்டு யார் என்று தேடினான். செலின் ஃபேன் சத்தத்தை விலக்கிவிட்டுக் காது கொடுத்தாள். இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று சீராக வந்தது. இன்னொன்று, போனுக்குள்ளிருந்து, விட்டு விட்டு வந்தது.